இருங்காட்டுக்கோட்டையில் நாலாவது லேப்பில் பெடல் தரை வரை போனது: எந்த பிரேக் கிட் வாங்கலாம்?

வேளச்சேரி_வெள்ளைக்காரு

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு வாழ்க்கையில் முதல் முறையாக டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போனேன், நம்ம ஶ்ரீபெரும்புதூர் பக்கத்து தடம்தான். வண்டி டர்போ ஹேட்ச்பேக், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், டயரும் பேடும் (டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் கட்டை) ஷோரூமில் இருந்து வந்தவை. ஆளோடு சேர்த்து 1,200 கிலோ வரும்.

முதல் இரண்டு செஷன் சொர்க்கம். மூன்றாவதில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, நாலாவது லேப்பில் நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய் தரையைத் தொட்டது. இன்னொரு முறை மிதித்ததும் கொஞ்சம் பிடித்தது, அதற்குள் தடத்தை விட்டு இறங்கி மண்ணில் நின்றேன். எனக்கும் ஒன்றும் இல்லை, வண்டிக்கும் ஒன்றும் இல்லை, மானம்தான் போனது. டயர் பற்றியும் ஒரு சந்தேகம்: மூன்றாவது லேப்பில் இருந்தே ஸ்டியரிங் திருப்பினாலும் முன்பக்கம் நேராகத் தள்ளிக்கொண்டே போனது, வெளிப்பக்க ஓரத்தில் ரப்பர் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்ந்திருக்கிறது.

பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் கேலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பகுதி) கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. வாங்கலாமா?

பட்டறை_பெருசு

தம்பி, பர்ஸை உள்ளே வை. இரண்டே கேள்வி. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய்? டாப்-அப் செய்தார்கள் என்று சொல்லாதே, அது மாற்றியது ஆகாது. அடுத்தது, செஷன் முடிந்து பேடாக்குக்கு (தடத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் ஹேண்ட்பிரேக் போட்டாயா?

வேளச்சேரி_வெள்ளைக்காரு

வண்டி வாங்கி மூன்று வருஷம் அண்ணா. சர்வீஸ் பில்லில் ஒவ்வொரு தடவையும் "பிரேக் ஆயில் செக்டு" என்று இருக்கிறது, மாற்றியதாக எங்கும் இல்லை. ஹேண்ட்பிரேக்... போட்டேன். வண்டி நின்றால் கை தானாகப் போய்விடுகிறது. கொடி விழுந்ததும் அதே வேகத்தில் வந்து நேராக உள்ளே நுழைந்து நிறுத்தினேன், அடுத்த வண்டிக்கு இடம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

பட்டறை_பெருசு

அப்படியானால் உன் ஒரு லட்சம் மிச்சம், ட்ரீட் வை.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டப்பா மூடியை இறுக்கி வைத்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே உள்ளே போகும். நம்ம ஊரில் உப்புப் பொட்டலத்தை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் காலையில் என்ன ஆகிறது? அதே கதைதான். டாட் 4 என்கிற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. கொதித்தால் ஆவிக்குமிழி வரும், திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உன் கால் தள்ளுகிற தள்ளு எல்லாம் குமிழியை நசுக்குவதற்கே செலவாகி, பேடுக்குப் போகாமல் போய்விடுகிறது. இரண்டாவது மிதியில் பிடித்தது என்றாயே, அது பெடலை அடித்ததில் இன்னும் கொஞ்சம் ஆயில் உள்ளே வந்ததால் கிடைத்த பிச்சை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வண்டி ஓடும்போது டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கிறது. நின்றதும் காற்றும் நின்றுவிடும், ஆனால் டிஸ்க்கில் இருக்கிற நெருப்பு எங்கேயும் போகவில்லை, பேட் வழியாக, பிஸ்டன் வழியாக மெதுவாக ஆயிலுக்குத்தான் ஏறும். நிறைய வண்டிக்கு ஆயில் கொதிப்பது தடத்தில் இல்லை, பேடாக்கில் டீ குடிக்கும்போதுதான். நீ இரண்டாவது செஷன் முடிந்து ஆற விடாமல் நிறுத்தியதில் ஆயில் அப்போதே கெட்டிருக்கும், மூன்றாவதில் வெளியே தெரிந்தது.

பின்னால் டிரம் என்பதால் இன்னொரு வம்பு. டிஸ்க் சூட்டில் தடிக்கும், பேடுக்குப் பக்கம் வரும். டிரம் சூட்டில் விரியும், லைனிங்கை விட்டு விலகிப் போகும், பெடல் பயணம் அதிலேயே கூடும். அந்தச் சூட்டில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டால் ஆறும்போது டிரம் சுருங்கி லைனிங்கை இறுக்கும், சில நேரம் வண்டி நகரவே நகராது. சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் போட்டு நிறுத்து. காலையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்காராதே, சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும், அப்புறம் ஸ்டியரிங் ஆடும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று யாராவது உன்னிடம் புது டிஸ்க் விற்பார்கள்.

ஓஎம்ஆர்_டர்போ

பெருசு பழைய காலத்து ஆள், எதை வாங்கவும் விடமாட்டார் 😄 ப்ரோ, நான் துளை போட்ட டிஸ்க், ஸ்டீல் பின்னல் ஹோஸ், டயருக்கு நைட்ரஜன், மூன்றும் போட்டிருக்கிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை. டிராக்குக்குப் போகிறவன் டிராக் சாமான் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பட்டறை_பெருசு

துளை போட்ட டிஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார். துளை ஓரத்தில் தலைமுடி மாதிரி விரிசல் கோடு ஓடியிருந்தால் எனக்குப் படம் போடு.

இயற்பியல்_வாத்தியார்

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், சாக்பீஸ் கை பழக்கம், மன்னிக்கவும்.

1,200 கிலோ வண்டி 150 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 70க்கு இறங்கினால் இயக்க ஆற்றலில் குறைவது ஏறக்குறைய 815 கிலோஜூல். காற்றுத் தடைக்கும் இன்ஜினுக்கும் கொஞ்சம் கழித்தாலும் 750 பிரேக்குக்கு வருகிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால், 30 டிகிரியில் இருக்கிற இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டு வர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு. வீட்டு அடுப்பில் அதற்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். நீங்கள் அதை மூன்று விநாடியில் செய்கிறீர்கள்.

இதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் டிஸ்க்கும் சேர்ந்து 10 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஆற நேரமே இல்லாதபோது ஒரே மிதியில் வெப்பநிலை 110 டிகிரிக்கு மேல் ஏறும். தடம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம், அதில் நாலைந்து இடத்தில் இப்படிக் கனமாக மிதிப்பீர்கள். இடையில் காற்று பட்டு ஆறுகிறது, ஆனால் ஏறின அளவுக்கு ஆறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு லேப்பும் முந்தைய லேப்பின் கடனோடுதான் தொடங்குகிறது.

ஓஎம்ஆர் தம்பிக்கு: பெரிய டிஸ்க் என்றால் நிறை கூடுதல், அதே வெப்பத்துக்கு ஏறுகிற டிகிரி குறைவு, அது நிஜம்தான். துளை போட்டால் அந்த நிறையைத்தான் குறைக்கிறீர்கள்.

ஓஎம்ஆர்_டர்போ

சரி சார், டிஸ்க்கை வெளிச்சத்தில் பார்த்தேன். கோடு இருக்கிறது. மூன்று துளையில். பேச விரும்பவில்லை.

பட்டறை_பெருசு

பேச வேண்டாம், மாற்றிவிடு, அந்த டிஸ்க்கோடு இனி தடத்துக்கு ஏறாதே.

வேளச்சேரி தம்பி, வரிசை இதுதான். முதலில் ஆயில். நல்ல டாட் 4 அல்லது 5.1, சீல் உடைக்காத டப்பா, நாலு சக்கரத்திலும் பழசு முழுசாக வெளியே வரும்வரை ஏர் எடுக்க வேண்டும் (குழாயில் இருக்கிற ஆயிலையும் காற்றுக்குமிழியையும் வெளியே தள்ளுவது). பேரில் 5 இருக்கிறது என்று டாட் 5 வாங்கிவிடாதே, அது சிலிக்கான், உன் வண்டியில் இருக்கிறதோடு சேராது. ரேஸ் ஆயில் 300 டிகிரிக்கு மேல் தாங்குகிற டப்பாவும் கிடைக்கும், ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும், ஆபீஸுக்கும் போகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பேட். ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போகும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கல் மாதிரி நிற்கும், ஆனால் வண்டி நிற்காது. இரண்டும் வேறு வேறு நோய். உன்னுடையது முதல் நோய், ஆனால் பேடைக் கழற்றிப் பார், மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் இரண்டாவதும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டிராக் பேட் போட்டால் காலையில் கிண்டி சிக்னலில் கிறீச்சிடும், குளிரில் பிடி குறைவு, டிஸ்க்கையும் தின்னும். நடுத்தரமாக ஒன்று எடு. புதுசு போட்டதும் நேராகத் தடத்தில் போய் மிதிக்காதே, முதலில் நிதானமாக நாலைந்து தடவை சூடேற்றி, ஆற விட்டுப் பதம் பண்ணு.

மூன்றாவது காற்று. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகட்டுக்கு முன்பம்பரில் இருந்து ஒரு ஹோஸ் கொண்டு வந்து, டிஸ்க்கின் நடுவில் கண் மாதிரி இருக்கிற இடத்தில் ஊத வேண்டும். நடுவில் விட்டால் டிஸ்க்கே அதை உள்ளே இழுத்து ஓரம் வழியாகத் தள்ளும், உள்ளே இறக்கை இருப்பது அதற்குத்தான். ஒரு பக்க முகத்தில் மட்டும் ஊதினால் ஒரு பக்கம் குளிர்ந்து ஒரு பக்கம் வெந்து வேறு கோளாறு வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் பெரிய கிட் பற்றிப் பேசலாம். சோழவரத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பிரீமியர் பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான். அதில் நின்றவர்கள் எல்லாம் முன்கூட்டியே கியர் இறக்கி நின்றார்கள்.

நோட்டுப்புத்தகம்

பிரேக்கைப் பிய்த்து மேய்ந்துவிட்டீர்கள், டயரை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

வெள்ளைக்காரு, காலையில் காற்று எவ்வளவு வைத்தீர்கள்? நடுவில் எப்போதாவது பார்த்தீர்களா? ஒவ்வொரு டிராக் டேக்கும் ஒரு நோட்டில் எழுதுகிறவள் நான், பேர் வந்ததே அப்படித்தான். 30 டிகிரி சூட்டில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர் உள்ளே 80 டிகிரி ஆனால் 37க்கு மேல் காட்டும். இது டயரின் தரம் இல்லை, பள்ளிக்கூட வாயு விதி. 37 ஆனதும் டயர் நடுவில் உப்பி, தரையில் படுகிற பரப்பு சுருங்கி, வழுக்கத் தொடங்குகிறது. வழுக்கினால் மேலும் சூடு. சூடானால் மேலும் காற்று. இந்தச் சக்கரம் தானாக நிற்காது, ஓட்டுகிறவர்தான் நிறுத்த வேண்டும்.

அதற்காகக் காலையிலேயே 22 வைத்துவிட்டுப் போகாதீர்கள், அது இன்னும் மோசம். பக்கச் சுவர் மடிந்து, ஓரத்திலேயே ஓடி, உங்களுக்குப் பிய்ந்த மாதிரியே பிய்யும். வண்டிக்கதவில் எழுதியிருக்கிற அளவில் தொடங்குங்கள், முதல் செஷன் முடிந்து வந்ததும், சூடு இருக்கும்போதே, ஒரே கேஜில் நாலையும் பார்த்து ஏறினதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நாலு டயரும் ஒரே அளவு ஏறாது, வலப்பக்கத் திருப்பம் அதிகம் என்றால் இடது முன் டயர்தான் சுமக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை மறந்து, பூந்தமல்லி வரை 24இல் வந்து, டயரின் பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

சூடு அளக்க வெளிச்சப் புள்ளி விழும் துப்பாக்கி எல்லாரிடமும் இருக்கிறது. அது மேல்தோலை மட்டும் அளக்கும். பிட்டுக்குள் மெதுவாக வருவதற்குள் மேல்தோல் ஆறிவிடும். ஊசி குத்தி ரப்பர் உள்ளே அளக்கிற கருவி நல்லது, உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். இரு ஓரமும் சூடு என்றால் காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் கொதிக்கிறது என்றால், சாதாரண கார்களில் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிற அளவு) போதாது, அதோடு திருப்பத்துக்குள் வேகமாக நுழைந்து ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்புகிறோம். அந்தக் கடைசி விஷயத்துக்குக் கடையில் மருந்து இல்லை.

இன்னொன்று, புது டயரைவிடப் பாதி தேய்ந்த டயர் தடத்தில் குறைவாகச் சூடாகும். உயரமான ரப்பர் கட்டை ஆடும், ஆடினால் உள்ளே சூடு பிறக்கும், பிய்யும். வெளிநாட்டில் புது டயரை வாங்கிச் சீவிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நமக்குப் புது டயரைச் சீவ மனசு வருமா!

ரெண்டு_சக்கரம்

அக்கா, பைக்குக்கும் இதே கணக்குதானா? எனக்கு ரோட்டு டயர், 300 சிசி. மதியம் தரையைத் துப்பாக்கியால் பார்த்தேன், 56 காட்டியது, காலையில் 33. காலையில் வைத்த காற்றில் மதியம் ஓட்டினால் பின் சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் குட்டியாக நழுவுகிறது.

நோட்டுப்புத்தகம்

அதே விதிதான், அபராதம்தான் வேறு. கார் நழுவினால் மண்ணில் நிற்கும், நீ நழுவினால் தோல் போகும். காலை 8 மணியின் 'குளிர்' அளவும் மதியம் 1 மணியின் 'குளிர்' அளவும் ஒன்று இல்லை, அதனால் குளிர் அளவை மனப்பாடம் செய்யாதே, ஓட்டி முடித்த சூட்டு அளவைப் பிடித்துவை. வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு பக்கம் மட்டும் சூடான டயரோடு கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நிழல் இல்லை என்றால் ஒரு ஈரத்துணி... வேண்டாம், ஈரத்துணி வேண்டாம், ஒரு அட்டைப்பெட்டி போதும்.

ஓஎம்ஆர்_டர்போ

அதற்குத்தான் நைட்ரஜன் என்றேன். நைட்ரஜன் ஏறாது.

இயற்பியல்_வாத்தியார்

ஏறும் தம்பி. நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வெப்பத்துக்கு அழுத்தம் ஏறுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது ஈரத்தால். கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் நின்று அது டயருக்குள் போனால், சூட்டில் ஆவியாகி அழுத்தத்தைக் கணக்குக்கு மீறி ஏற்றும். ரேஸில் நைட்ரஜன் போடுவது அது உலர்ந்தது என்பதால். கடைக்காரர் கம்ப்ரஸரின் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டால் நைட்ரஜனால் வருகிற பலனில் பாதி அங்கேயே கிடைக்கும்.

எட்டாம்நம்பர்_ஸ்பேனர்

நடுவில் நுழைகிறேன். இஎஸ்பி (வண்டி வழுக்காமல் தானாகவே பிடித்துக்கொள்ளும் மின்னணு அமைப்பு) ஆன் செய்து ஓட்டினீர்களா? முன்பக்கம் நேராகத் தள்ளும்போது அது உங்களைக் கேட்காமலே பிரேக்கைப் பிடிக்கும். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல் இருக்க அதற்கும் பிரேக்தான். நீங்கள் மிதிக்காத நேரத்திலும் பிரேக் வெந்துகொண்டிருக்கும், ஆற வேண்டிய இடைவெளி போய்விடும். புது ஆள் அதை அணைக்க வேண்டாம், மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மஞ்சள் விளக்கு எங்கே மினுக்குகிறது என்று மட்டும் பாருங்கள், அந்த இடத்தில் நீங்கள் வேகமாக நுழைகிறீர்கள்.

வேளச்சேரி_வெள்ளைக்காரு

ஐயோ, லேப் முழுக்க மினுக்கியது. நான் அதைப் பெருமையாக நினைத்தேன். 🙈

ஒரு சந்தேகம். சீக்கிரமாக, மெதுவாக, நீளமாக மிதித்தால் பிரேக்குக்கு நல்லதுதானே? அப்படித்தான் ஓட்டினேன்.

பட்டறை_பெருசு

இல்லவே இல்லை. சுருக்கமாக, அழுத்தமாக மிதி, விடு. ஏற்காட்டு மலைப்பாதையில் இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்து வருகிறவனுக்குத்தான் புகை வரும்.

இயற்பியல்_வாத்தியார்

150இல் இருந்து 70க்கு இறங்கினால் எப்படி மிதித்தாலும் ஆற்றல் அதேதான் ஐயா. மெதுவாக மிதித்தால் காற்றுத் தடை எடுத்துக்கொள்கிற பங்குகூடச் சற்று அதிகம்.

பட்டறை_பெருசு

வாத்தியாரே, நீங்கள் சொல்கிற ஆற்றல் அதேதான். ஆனால் பேட் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டு இருக்கிற நேரம் அதே இல்லை. தொட்டுக்கொண்டே இருந்தால் சூடு பேடுக்குள், ஆயிலுக்குள் போக நேரம் கிடைக்கிறது, டிஸ்க் தனியாக நின்று காற்று வாங்க நேரம் குறைகிறது.

இயற்பியல்_வாத்தியார்

அது ஒத்துக்கொள்ள வேண்டிய வாதம். சூடான டிஸ்க் சுற்றுக்காற்றைவிட எவ்வளவு அதிகச் சூட்டில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆறும் என்பதும் உங்கள் பக்கம்தான். ஆனாலும் ஆளுக்கு ஆள் இருக்கிற பெரிய வித்தியாசம் மிதிக்கிற விதத்தில் இல்லை என்று நினைக்கிறேன், இடத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரு மாதிரி புதிதாக வருகிறவர்கள் வளைவுக்கு நடுவில், பயத்தில், தேவையில்லாமல் இன்னும் இரண்டு முறை தொடுகிறார்கள். அந்தத் தொடல்களை எண்ணிப் பாருங்கள்.

நோட்டுப்புத்தகம்

என் நோட்டில் மூன்று வருஷமாக ஒரே முறைதான்: ஒரு லேப் சூடேற்ற, இரண்டு லேப் வேகமாக, ஒரு லேப் பிரேக்கையே தொடாத மாதிரி, மறுபடி இரண்டு வேகமாக, கடைசியில் ஒரு முழு லேப் ஆற. ஆற்றுகிற லேப்பில் மெதுவாக உருட்டக் கூடாது, காற்று வேண்டும், மூன்றாவது கியரில் ஓரமாக, பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டு ஓட்ட வேண்டும். வெறுமனே பத்து லேப் ஓட்டுகிறவரைவிட என் வேகமான லேப் நேரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இன்னொரு பழக்கம்: நேர்ப்பாதை முடிவதற்கு நன்றாக முன்பே இடது காலால் பெடலை லேசாகத் தட்டிப் பார்ப்பேன். கெட்டியாக இருந்தால் தொடர்வேன். பஞ்சாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம், திருப்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வேளச்சேரி_வெள்ளைக்காரு

(ஐந்து வாரம் கழித்து)

இழையை மேலே கொண்டு வருகிறேன். நேற்று மறுபடி போனேன்.

வாங்கியது: ஆயில், ஒரு செட் நடுத்தர முன் பேட், காற்று பார்க்கும் கேஜ். ஆயில் மாற்றும்போது பழசு டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது, மெக்கானிக்கே சிரித்தார். மொத்தச் செலவு கிட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காலையில் 32 வைத்தேன், முதல் செஷன் முடிந்து இடது முன் 39, வலது முன் 37, பின்னால் இரண்டும் 35. இறக்கினேன். மதியம் மறுபடி ஏறியது, மறுபடி இறக்கினேன். முன்பக்கம் தள்ளுவது முழுசாகப் போகவில்லை, ஆனால் அக்கா சொன்ன மாதிரி இரண்டு லேப்புக்கு ஒரு முறை விட்டால் திரும்பி வருகிறது. மஞ்சள் விளக்கு இப்போது இரண்டு இடத்தில் மட்டும்.

பெடல் ஐந்து செஷனும் கெட்டியாக இருந்தது. நாலாவது செஷனில் மட்டும் பயணம் கொஞ்சம் கூடின மாதிரி தோன்றியது, தட்டிப் பார்த்து, உள்ளே வந்து, பானெட்டைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். டிரம்மாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆறியதும் சரியானது. லேப் நேரம் போன தடவையைவிட 4 விநாடி குறைந்திருக்கிறது. மெதுவாக ஓட்டி எப்படி வேகமானது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பட்டறை_பெருசு

நல்லது தம்பி. வருஷா வருஷம் ஆயிலை மாற்று, டிராக் போனால் அதற்கு முன்னால் ஒரு தடவை ஏர் எடு. கல் வைத்தாயா?

வேளச்சேரி_வெள்ளைக்காரு

வைத்தேன் அண்ணா. செஷனுக்குக் கிளம்பும்போது எடுக்க மறந்து அதன் மேலேயே ஏறி இறங்கினேன். மார்ஷல் பார்த்துவிட்டார்.

ஓஎம்ஆர்_டர்போ

எனக்கு 15 இன்ச் சக்கரத்துக்குச் சாதாரண டிஸ்க் ஜோடி வேண்டும், துளை இல்லாதது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.